ஒரே பூனை, ஒரே எலி, ஊருக்கு ஊர் வேறு இடைவேளை

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். லண்டனிலிருந்து அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான், ஒன்பது வயது. அங்கே பார்க்கிற அதே கார்ட்டூன் நெட்வொர்க்கை இங்கே திருநெல்வேலி மகாராஜ நகர் வீட்டில் போட்டுக் கொடுத்தால், “இது டூப்ளிகேட் சேனல் மாமா” என்கிறான். கதை நடுவிலேயே விளம்பரம் வருகிறது. சோப்புத்தூளும் கக்கூஸ் கழுவுகிற மருந்தும் வருகின்றன. பேசுகிறவரின் வாய் ஒன்று சொல்ல, காதில் வேறொன்று விழுகிறது. ஒரே சேனல் நாட்டுக்கு நாடு ஏன் இப்படி மாறுகிறது? கூடவே இன்னொன்று: தமிழ் ஆடியோ வைத்த பிறகும் சில விளம்பரம் இந்தியிலேயே வருகிறதே, பெட்டியில் கோளாறா?

பெட்டியில் கோளாறு இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். பையன் சொன்னதிலும் பெரிய தப்பில்லை. பெயரும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும்தான் பொது. மற்றபடி ஒவ்வொரு நாட்டிலும் ஓடுவது அந்தந்த நாட்டுக்கென்று கட்டிய தனிப் பொட்டலம்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது 1995-இல், பாளையங்கோட்டையில் ஒரு கேபிள் கண்ட்ரோல் ரூமில் எடுபிடியாக. மொட்டை மாடியில் பெரிய டிஷ், கீழே ரிசீவர்கள், வெயிலில் காய்ந்துபோன வயர் சுருள்கள். அந்த வருடம் மே 1-ஆம் தேதிதான் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. பகலெல்லாம் கார்ட்டூன், இரவானால் அதே இடத்தில் டிஎன்டி, பழைய ஹாலிவுட் படங்கள். எல்லாமே ஆங்கிலம். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பூனை எலியைத் துரத்த மொழி எதற்கு? ஆனால் இரவில் சேனல் மாறினதும், “ஏலே, பொம்மைப் படத்த எங்க கொண்டு போனீங்க?” என்று பெரியவர்கள் கேட்டு வந்துவிடுவார்கள். “அண்ணாச்சி, அது மேலயே மாறுது, நாங்க ஒண்ணுஞ் செய்யல” என்று வானத்தைக் காட்டுவோம். பிறகு சிங்கப்பூரிலும் துபாயிலும் பதினாறு வருடம் பிளேஅவுட் கூடங்களில் இருந்தேன். எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம், எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி என்ற பட்டியலைப் பார்த்து ஓடவிடுகிற சோலி அது. மேலே என்ன நடக்கிறது என்பது அங்கே போனபிறகுதான் புரிந்தது.

மேலிருந்து வருவதை நாங்கள் சேனல் என்று சொல்வதில்லை, ஃபீட் என்போம். கார்ட்டூன் நெட்வொர்க் அமெரிக்காவில் தொடங்கியது 1992 அக்டோபர் 1. அதற்கு முந்தின வருடம் அதை நடத்தின டர்னர் நிறுவனம், கார்ட்டூன் எடுக்கிற ஹன்னா-பார்பெரா கம்பெனியை வாங்கியிருந்ததால் பழைய படச்சுருள் மலைபோல் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு 1993-இல் லத்தீன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும், 1994-இல் ஆசியாவுக்கும் போனார்கள். முதலில் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே ஃபீட். ஒரு நாட்டில் விளம்பரம் விற்க வேண்டுமென்றால் அந்த ஃபீடைப் பிரித்தாக வேண்டும். மணிலாவில் மட்டும் கிடைக்கிற பிஸ்கட்டை மேலப்பாளையத்துப் பிள்ளைக்குக் காட்டி என்ன பயன்? ஆக, ஒரு நாட்டுக்குத் தனி ஃபீட் வருவது அந்த நாட்டுப் பிள்ளைகள்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. அந்த நாட்டில் விளம்பரம் வாங்க ஆள் கிடைத்துவிட்டான் என்று அர்த்தம்.

பிரிக்கிற வேலையில் தப்பும் நடக்கும். சிங்கப்பூரில் ஒருநாள் ஒரு போட்டி அறிவிப்பை நான் வேறு நாட்டு ஃபீடில் ஓடவிட்டுவிட்டேன். திரையில் வந்த தொலைபேசி எண் அந்த நாட்டில் ஒரு வீட்டு எண்ணாக இருந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கு அன்று மாலை முழுக்கப் பிள்ளைகளின் போன். மறுநாள் எனக்கு ஓலை வந்தது.

சேனலின் முகம் எதனால் மாறுகிறது என்று கேட்டால், முதலில் காசு யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்கு டிஸ்னி சேனல்தான் நல்ல உதாரணம். அமெரிக்காவில் அது 1983-இல் தனியாகப் பணம் கட்டிப் பார்க்கிற சேனலாகப் பிறந்தது. பிறகு சாதாரணக் கேபிளுக்கு வந்தபோதும் வெளியார் விளம்பரங்களை வழக்கமான இடைவேளைகளாகப் போடவில்லை. கேபிள் கம்பெனிகள் சந்தாதாரர் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவதால் அதற்குத் தேவையும் இல்லை. இடையில் வருவதெல்லாம் டிஸ்னியின் சொந்தச் சரக்கு: அடுத்த படம், அடுத்த தொடர், நடிகர்கள் ஒளிரும் கோலால் மிக்கி காதை வரைந்து காட்டும் சின்னத் துண்டு. அதே டிஸ்னி சேனல் 2004 டிசம்பரில் தமிழ், தெலுங்கு ஒலியோடு இந்தியாவுக்கு வந்தது. இங்கே ஊட்டச்சத்து பானம், பற்பசை, நூடுல்ஸ் எல்லாம் வரிசையாக வந்தன. லோகோ ஒன்றுதான், வருமானம் வரும் வழி வேறு. நம் வீட்டில் ஒரு குழந்தைகள் சேனலுக்கு மாதம் கொடுப்பது சில ரூபாய். ஒரு டீக்காசு கூட வராது. மீதியை விளம்பரக்காரன் கொடுக்கிறான்.

இரண்டாவது, சட்டம். உங்கள் மருமகன் பழகின நாட்டிலிருந்தே பார்ப்போம். பிரிட்டனில் 30 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ ஓடும் குழந்தைகள் நிகழ்ச்சியை விளம்பரத்துக்காக நடுவில் வெட்டக் கூடாது. கார்ட்டூன் கதை பெரும்பாலும் 11 நிமிடம். அமெரிக்காவில் இரண்டு கதையைச் சேர்த்து அரை மணி நேர நிகழ்ச்சி என்பார்கள், உள்ளே வெட்டிக்கொள்வார்கள். பிரிட்டனில் அதையே இரண்டு தனி நிகழ்ச்சியாக அட்டவணையில் போட்டு, இரண்டுக்கும் நடுவில் விளம்பரம் விடுவார்கள். அதனால்தான் அங்கே கதை பாதியில் நிற்பதே இல்லை என்று பையனுக்குத் தோன்றியிருக்கிறது. அப்புறம் தின்பண்டம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை கூடின உணவுகளின் விளம்பரத்தைக் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் அவர்களின் ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2007-இலிருந்து படிப்படியாக நிறுத்தியது. 2009 தொடக்கத்திலிருந்து குழந்தைகள் சேனல்களில் அது முழுக்கவே கிடையாது. அவன் அந்தச் சேனலில் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இங்கே வந்து பார்த்தால் ‘டூப்ளிகேட்’ என்று தோன்றாமல் என்ன செய்யும்? போதாததற்கு அங்கே பிபிசியின் இரண்டு குழந்தைகள் சேனல்கள் 2002-இலிருந்து விளம்பரமே இல்லாமல் ஓடுகின்றன. வீட்டுக்கு வீடு வாங்கும் உரிமக் கட்டணம் அதற்குச் சோறு போடுகிறது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 2008-இல், பிரிட்டனில் இருக்கும் தெற்காசிய மக்களுக்கான ஒரு சேனலில் ஹார்லிக்ஸ் விளம்பரம் ஓடியது. குடித்தால் பிள்ளைகள் உயரமாக, வலுவாக, கூர்மையாக ஆவார்கள் என்று சொன்னது. நாம் இங்கே தினமும் கேட்டு வளர்ந்த வசனம்தான். பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு அதை இனி காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அது வங்கதேசத்துக்காக எடுத்த விளம்பரம், பிரிட்டனில் காட்டுகிற எண்ணமே இல்லை என்றது. நான் அன்று துபாயில் டீ குடித்துக்கொண்டே அந்தச் செய்தியைப் படித்தேன். அப்படியென்றால் வங்கதேசத்துப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் மட்டும் அது உயரம் தருமா என்று பக்கத்தில் இருந்த மலையாளிச் சேட்டன் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அமெரிக்கா வேறு ரகம். அங்கே தின்பண்டத்துக்குச் சட்டத் தடை கிடையாது, நிமிடக் கணக்கும் பிரிக்கிற கோடும்தான் முக்கியம். 1974-இல் அவர்களின் ஒளிபரப்பு ஆணையமான எஃப்சிசி, நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் பிள்ளைக்குத் தெரிகிற மாதிரி ஒரு பிரிவு வேண்டும் என்றது. ‘இதோ திரும்பி வருகிறோம்’ என்று சொல்லும் சின்னத் துண்டு இருக்கிறதே, நாங்கள் பம்பர் என்போம், அது வெறும் அலங்காரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அது கட்டாயத்தால் பிறந்து பிறகு கலையானது. 1980-களில் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். உடனே பொம்மைக் கம்பெனிகள் முதலில் பொம்மையைச் செய்து, அதற்குப் பிறகு அதை விற்க ஒரு கார்ட்டூன் எடுக்கிற காலம் வந்தது. பெற்றோர் கூச்சல் போட்டு 1990-இல் சட்டம் வந்தது: 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் மணிக்கு, வார நாளில் 12 நிமிடம், சனி ஞாயிறில் பத்தரை நிமிடம். கேபிள் சேனலுக்கும் இது உண்டு.

அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு கார்ட்டூன் ஓடும்போது, அதே கார்ட்டூன் நாயகனின் பொம்மைக்கு இடையில் விளம்பரம் வந்தால், அரை மணி நேர நிகழ்ச்சி முழுவதும் விளம்பரமாகவே எண்ணப்படும். பத்தரை நிமிடம் எப்போதோ தாண்டிவிடும். 2004-இல் இப்படிக் கணக்குத் தவறியதற்காக நிக்கலோடியன் சேனலை வைத்திருந்த வயாகாம் 10 லட்சம் டாலரும், டிஸ்னி 5 லட்சம் டாலரும் கட்டின. பட்டியல் எழுதும் மேசையில் ஒரு வரி மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதை எங்களுக்குப் பாடமாகவே சொல்வார்கள். நம் கேபிள் விதிகளில் இப்படி ஒரு கணக்கு இல்லை. இங்கே கதையில் லட்டு தின்று மலையைத் தூக்குகிற பையன், இடைவேளையில் வந்து எதையாவது வாங்கச் சொன்னாலும் எண்ணுவதற்கு ஆள் கிடையாது.

ஐரோப்பாவில் இன்னும் கெட்டியான ஊர்கள் உண்டு. ஸ்வீடனில் 1991-இலிருந்து 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளைக் குறிவைத்து டிவியில் விளம்பரமே செய்யக் கூடாது. ஆனால் செயற்கைக்கோளுக்கு எல்லை தெரியுமா? லண்டனிலிருந்து ஸ்வீடிஷ் மொழியில் ஒளிபரப்பின சேனலில் டைனோசர் பத்திரிகை ஒன்றின் விளம்பரம் வந்தது. இதழுக்கு ஒரு துண்டு என்று பிளாஸ்டிக் டைனோசர் பாகங்கள் வரும், எல்லா இதழும் வாங்கினால்தான் முழு விலங்கு நிற்கும். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1997-இல் வந்த தீர்ப்பு, இன்னொரு உறுப்பு நாட்டிலிருந்து வரும் ஒளிபரப்பின்மேல் ஸ்வீடன் தன் குழந்தை விளம்பரத் தடையைப் போட முடியாது என்றது. அதனால் ஒரே தெருவில், ஒரே மொழியில், ஒரு சேனலில் பொம்மை விளம்பரம் வரும், அடுத்த சேனலில் வராது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980-இலிருந்து 13 வயதுக்குக் கீழே தடை. அது இன்னமும் நிற்கிறது.

ஜெர்மனியில் குழந்தைகள் நிகழ்ச்சியை வெட்டவே கூடாது. விளம்பரம் தொடங்கும் முன் ‘விளம்பரம்’ என்று திரையில் பளிச்சென்று போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். வீட்டுக்கு வீடு வாங்கும் ஒளிபரப்புக் கட்டணத்தில் ஓடும் கிகா சேனலில் அதுவும் கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி முடிந்துவிடும். அதற்குப் பிறகு விடியும் வரை பெர்ன்ட் என்ற ஒரு ரொட்டி, ஆமாம், சோகமான முகத்தோடு ஒரு ரொட்டிப் பொம்மை, வெள்ளை அறைக்குள் மாட்டிக்கொண்டு புலம்பிக்கொண்டே இருக்கும். போய்ப் படுங்கள் பிள்ளைகளே என்பதை இதைவிட அழகாக எந்தச் சேனலும் சொல்லி நான் பார்த்ததில்லை. குடித்துவிட்டு இராத்திரி வீடு திரும்பும் பெரியவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள் என்று எங்கள் கூடத்தில் இருந்த ஜெர்மன்காரர் சொல்வார்.

ஜப்பானில் விளம்பரக்காரன் ஒளிந்துகொள்வதே இல்லை. தொடக்கப் பாட்டு முடிந்ததும் ‘இந்த நிகழ்ச்சியை வழங்குவோர்’ என்று கம்பெனிப் பெயர்கள் மரியாதையாக வரும், குரலும் வாசிக்கும். நம் ஊர்க் கொடையில் மைக்கில் உபயதாரர் பெயர் வாசிப்பது போலத்தான். இன்னொரு அறிவிப்பும் அங்கே உண்டு. 1997 டிசம்பரில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மின்னின காட்சியால் 685 பேர் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அதன்பிறகு, அறையை வெளிச்சமாக வைத்துத் திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்ற வரி கார்ட்டூன்களின் ஆரம்பத்தில் வர ஆரம்பித்தது. எங்கள் ஆச்சி இதை எந்தத் தொடரும் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள், அது வேறு.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன், இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்தியாவில் கேபிள் விதிப்படி மணிக்கு 12 நிமிடம்: 10 வணிக விளம்பரம், 2 சேனலின் சொந்தத் தம்பட்டம். எல்லாச் சேனலுக்கும் ஒரே அளவு, குழந்தைகளுக்கென்று தனிக் குறைப்பு இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 வாக்கில் இதைக் கறாராக அமல்படுத்தப் பார்த்தது, சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அதே விதிகளில் இன்னொரு வரி உண்டு: விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும், திரையின் கீழ்ப்பகுதியில் பட்டை ஓட்டி நிகழ்ச்சிக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. இதைப் படிக்கும்போது எனக்கே சிரிப்பு வரும். ஏனென்றால் 1990-களின் கடைசியில் பாளையங்கோட்டையில் அந்தப் பட்டையை ஓட்டினவர்களில் நானும் ஒருவன்.

எப்படியென்றால், கண்ட்ரோல் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் எழுத்தை அடித்து, மேலிருந்து வரும் படத்தின் கீழே ஓடவிடுவோம். பூனை எலியைத் துரத்திக்கொண்டிருக்கும், கீழே ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி ஓடும். ஸ்கூட்டி விற்பனைக்கு, வண்ணாரப்பேட்டையில் வீடு வாடகைக்கு, பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, எல்லாம் ஓடும். அமெரிக்காவில் கேபிள் கம்பெனிக்கு மணிக்கு இரண்டு நிமிடம் போல உள்ளூர் விளம்பரம் போட ஒப்பந்தத்திலேயே இடம் விடுவார்கள், மேலிருந்து ஒரு சமிக்ஞை வரும், இவர்கள் தங்கள் விளம்பரத்தைச் சொருகுவார்கள். நமக்கு யாரும் தரவில்லை, நாங்களே எடுத்துக்கொண்டோம். சட்டப்படி தப்புதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் காலத்தில் குழந்தைகள் சேனலில் திருநெல்வேலிப் பிள்ளை தன் ஊர் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்த ஒரே இடம் அந்தப் பட்டைதான். மேலே ஓடின படம் அவனுக்காகச் செய்தது அல்ல.

அது எப்படி என்று சொல்கிறேன். 2000-களில் தமிழ் ஒலி வந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் வந்தது ஒலி மட்டும்தான். செயற்கைக்கோளில் படம் ஒன்று, அதன்கூட ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று மூன்று நான்கு ஒலித்தடம். உங்கள் பெட்டி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. படம் பொது என்பதால் இடைவேளையும் பொது, திரையில் வரும் எழுத்தும் பொது. தலைப்பு அட்டை ஆங்கிலத்தில் இருக்கும் அல்லது இந்தியில் இருக்கும், குரல் மட்டும் தமிழில் கூவும். சேனலின் நாட்காட்டியும் பொது. ஹோலிக்கு வண்ணம் தெளித்துப் புரோமோ வரும். ஆவணியில் ராக்கி கட்டச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் ‘அது என்னதுப்பா கையில கயிறு’ என்று கேட்கும். டிசம்பரில் குல்லா போட்டுக்கொண்டு நடுங்கும் பொம்மைகள் வரும், இங்கே வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி கரை புரண்டு ஓடிக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு ஒரு பானையாவது வருமா என்று பார்த்தால் வராது. டெல்லிப் பிள்ளையின் விடுமுறையை நம் பிள்ளை இரவல் வாங்கிக் கொண்டாடினான்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன். ஒரு படத்துக்கு நான்கு ஒலி சேர்ப்பது மலிவு. நான்கு படம் அனுப்புவது நான்கு மடங்குச் செலவு. விளம்பரக்காரனுக்கும் வசதி, ஒரே காசில் நாடு முழுக்க.

சோப்புத்தூள் ஏன் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அங்கெல்லாம் பிள்ளைக்குத் தனி அறை, தனித் திரை. குழந்தைகள் சேனலில் குழந்தையிடம் பேசினால் போதும், அதனால் பொம்மையும் விளையாட்டுச் சாமானும்தான் பெரும்பாலும் வரும், கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அதுவே வெள்ளமாகும். நம் வீட்டில் டிவி ஒன்று, அது நடுவீட்டில். பிள்ளைக்குச் சோறு ஊட்ட அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆச்சி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பூக்கட்டுவாள். ஆகவே இங்கே விளம்பரக்காரன் பிள்ளை வழியாக அம்மாவிடம் பேசுகிறான். பிள்ளை சட்டையை அழுக்காக்கிக்கொண்டு வரும், அம்மா சிரிப்பாள். நிஜத்தில் எந்த அம்மாவும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, வாரியலைத்தான் தேடுவார்கள். பரீட்சை மாதத்தில் ஞாபகசக்தி, ஏப்ரல் மே மாதங்களில் குளுக்கோஸும் மாம்பழச் சாறும், பள்ளி திறக்கும்போது புத்தகப் பையும் காலணியும். காலண்டர் இல்லாமலே விளம்பரத்தைப் பார்த்து மாதம் சொல்லிவிடலாம்.

தின்பண்டத்துக்கு இங்கேயும் எழுத்தில் ஒரு தடை வந்துவிட்டது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், சிப்ஸ், காற்றடைத்த குளிர்பானம் போன்ற நொறுக்குத் தீனிகளைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலோ குழந்தைகளுக்கென்றே உள்ள சேனலிலோ விளம்பரம் செய்யக் கூடாது என்று இருக்கிறது. பிரிட்டன் செய்து 15 வருடம் கழித்து. எழுத்தில் இருப்பதும் திரையில் ஓடுவதும் ஒன்றுதானா என்பதை மருமகனோடு அரை மணி நேரம் உட்கார்ந்து நீங்களே எண்ணிப் பாருங்கள். புகார் சொல்ல வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தமிழ்ப் பிள்ளைக்கென்றே படமும் எழுத்தும் சேர்ந்து வந்தது 2007 ஏப்ரல் 29-இல், சன் குழுமத்தின் சுட்டி டிவி. இந்தப் பேச்சில் அதை ஒரு கார்ட்டூன் சேனல் என்று மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு படத்துக்கு நான்கு ஒலி என்ற மும்பைக் கணக்கை மாற்றி, ஒரு மொழிக்கு ஒரு சேனல் என்று போனார்கள். தெலுங்கில் குஷி, கன்னடத்தில் சிண்டு, மலையாளத்தில் கொச்சு என்று பிறகு வரிசையாக வந்தன. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கினவைதான். ஆனால் தலைப்புத் தமிழில், அடுத்து என்ன என்கிற அறிவிப்பு தமிழில், பொங்கல் வாழ்த்து பொங்கலன்று. டோராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நிக்கலோடியனில் ஆங்கிலம் பேசிக்கொண்டே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவள், இங்கே தமிழ் பேசிக்கொண்டே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள், கூட இருந்த குரங்குக்குப் புஜ்ஜி என்று பெயர் வந்தது. அந்த வருடம் நான் விடுமுறையில் வந்தபோது எங்கள் வளவில் இருந்த அத்தனை பிள்ளைகளும் டிவியைப் பார்த்துப் பதில் கத்திக்கொண்டிருந்தன. கார்ட்டூன் நெட்வொர்க் வந்து பன்னிரண்டு வருடத்தில் இந்த ஊரில் யாரும் டிவியோடு இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

விளம்பரம் குறைந்ததா என்றால் அதெல்லாம் இல்லை. ஆனால் அந்த இடைவேளையில் பேசினவர்களின் வாயும் பேச்சும் ஒட்டின, அதற்கே ஒரு நிம்மதி இருந்தது.

துபாயில் பார்த்ததையும் ஒரு வரி சொல்ல வேண்டும், நம் மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பிள்ளைகள் பலர் அங்கே அதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கின் அரபு சேனல் 2010-இல் வந்தது, காசில்லாமல் கிடைக்கும். அரபு எழுத்து வலமிருந்து இடம் போவதால் ‘அடுத்து வருவது’ அட்டையெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிச் செய்ய வேண்டும். ரமலானில் அட்டவணையே நோன்பு திறக்கும் நேரத்தைச் சுற்றி மாறும். ஆனால் அரபுப் பிள்ளைகளிடம் கேட்டால் 2000-இல் தொடங்கின ஸ்பேஸ்டூன் என்ற சேனலைத்தான் சொல்வார்கள். அதில் நிகழ்ச்சி வகைகள் எல்லாம் கிரகங்கள்: சண்டைக்கு ஒரு கிரகம், விளையாட்டுக்கு ஒரு கிரகம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அந்தக் கிரகத்துக்குப் பறந்து போவார்கள். அமெரிக்கப் பெரிய கம்பெனி யாரும் சொல்லித்தராமல் அரபுக்காரர்களே யோசித்தது. அறிவிப்பு என்ற சின்ன விஷயத்தை வைத்து ஒரு உலகத்தையே கட்டிவிட்டார்கள். தமிழில் அப்படி ஒன்றை யாராவது செய்ய மாட்டார்களா என்ற ஏக்கம் எனக்கு இன்னமும் உண்டு.

சரி, கடைசிக் கேள்வி. ரிமோட்டில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் பெட்டி தமிழ்த் தடத்தைத்தான் எடுக்கிறது, அதில் கோளாறு இல்லை. விளம்பரக் கம்பெனி நான்கு மொழிக்கும் ஒலி கொடுத்திருந்தால் தமிழ்த் தடத்தில் தமிழ் விளம்பரம் வரும். வாய் மட்டும் இந்தியில் அசையும், ஏனென்றால் படம் இந்திக்காக எடுத்தது. தமிழ் ஒலிக்கு அவன் செலவு செய்யவில்லையென்றால் எல்லாத் தடத்திலும் இந்தியையே ஏற்றி அனுப்புவார்கள். அதை உங்கள் வீட்டில் யாரும் மாற்ற முடியாது. கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். அவன் வந்து வயரைக் கழற்றித் துடைத்து மாட்டி, நிகழ்ச்சி திரும்பத் தமிழில் தொடங்குகிற நேரம் பார்த்து, “இப்பப் பாருங்க அண்ணாச்சி, சரியாயிட்டு” என்பான். நாங்களும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருவோம்.